கொரின் கப்பலும் ஜமீலா அக்காவின் நெயில் பாலிஷும்

செப். 27, சனி

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வேலைக்கு.

பம்ப் செய்கிற எங்கள் கம்பெனியில் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் கிடையாது. அதைக் கேட்டதற்காகத்தான் ஜமீலா அக்காவை நிறுத்தினார்கள். "ஆர்டர் இல்லீங்க" என்று முதலாளி சொன்னது பொய். நெயில் பாலிஷ் வெறும் சாக்கு.

அந்தச் சாக்கு இது. பம்ப்பில் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும், முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக. ஸ்டோரில் பெயின்ட் தீர்ந்து வாரக்கணக்காக வரவில்லை. அக்கா தன் ரோஸ் நெயில் பாலிஷை எடுத்து வைத்தாள். முதலாளி பார்த்துவிட்டார். "இது என்னங்க அம்மணி, பியூட்டி பார்லருங்களா?" ஆடி மாதம் நிறுத்தினார். நிறுத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் நிறுத்தினார். எங்கள் ஊர் மரியாதை. கழுத்தை அறுத்தாலும் வலிக்குதுங்களா என்று கேட்டுக்கொண்டே அறுப்பார்கள்.

மதியம். தக்காளி சாதம். ஃபோர்மேன் சுப்பு அண்ணன் ஆபீஸ் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கம்பெனி வாட்ஸப்புக்கு வீடியோ. எங்கிருந்து? கரீபியன் கடல்.

இரண்டு பாய்மரம் வைத்த மரக்கப்பல். பாதி சாய்ந்து கிடக்கிறது. மழை படுக்கையாக அடிக்கிறது. தளத்தின் நடுவில், கயிற்றால் கட்டிப்போட்டபடி, எங்கள் டீசல் பம்ப்! கப்பலுக்குள் புகுந்த தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றுகிறது. யாரோ ஒருவர் குனிந்து அதற்கு முத்தம் கொடுக்கிறார். கேமரா கிட்டே போகிறது. நட்டுகளின்மேல் ரோஸ் பொட்டுகள்.

"ஜமீலாவோட பம்ப்புடோய்!" என்று சுப்பு அண்ணன் கத்திய கத்தில் வாசல் வாட்ச்மேன் உள்ளே ஓடி வந்தார். சாப்பாட்டுக் கையோடு எல்லாரும் எழுந்துவிட்டோம்.

கூடவே கேப்டனின் குரல் பதிவு. பெயர் ஓட்டிஸ். பம்ப்பின் தகட்டில் இருந்த கம்பெனி போன் நம்பரைக் குறித்து வைத்திருந்தாராம். அவர் தாத்தா காலத்தில் கடற்கரையில் ஊரே கூடிக் கட்டிய கப்பல் அது, பெயர் கொரின். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிற அளவுக்குப் பழசு. அப்படியும் தீவுக்குத் தீவு சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. புயல் திசை மாறி வந்து பிடித்துக்கொண்டது. கப்பலின் சொந்த பம்ப் அடைத்துக்கொண்டது. எங்கள் பம்ப் சரக்கோடு சரக்காக ஒரு வாழைத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாம். பெட்டியை உடைத்து ஓட்டியிருக்கிறார்கள். இன்னொரு படகு வந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளும்வரை ஓடியிருக்கிறது. பிறகுதான் கப்பல் முழுகியது, ஓடுகிற பம்ப்போடு.

"இப்பவும் ஓடிட்டு இருக்குமாங்கண்ணா?"

"டீசல் தீர்ற வரைக்கும் ஓடுங்கண்ணு. மீனெல்லாம் தோட்டம் போட்டிருக்கும்."

ஊர் பேர் தெரியாத மனிதர்கள் பிழைத்ததற்கு இத்தனை சந்தோஷம் வருமா! பம்ப்பை ஓட்டிப் பார்க்கிற என் டெஸ்ட் பெஞ்சில் திரும்ப நிற்கும்போது வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

செப். 28, ஞாயிறு

வெயில். ஒப்பணக்கார வீதி. தீபாவளிக் கூட்டம் இப்போதே ஆரம்பம். செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்தி நடந்தேன்.

ஜமீலா அக்கா இப்போது இங்கே துணிக்கடையில். காலை முதல் ராத்திரிவரை நின்றுகொண்டே வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவான். சேலை பார்ப்பதுபோல நின்று, கவுன்டருக்குக் கீழே போனைக் காட்டினேன்.

முதல் கேள்வி: "எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்களாடி?"

அத்தனை பேரும் என்றேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில், "அய்ய, அந்த ஓரத்துப் பொட்டு வழிஞ்சிருக்குது பாரு. உலகமே பாக்குமுன்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்கா வெச்சிருப்பேன்."

"ஏனுங்க ஜமீலா, கஸ்டமர் சேல எடுக்கறாங்களா, இல்லீங்களா?" சூப்பர்வைசர்.

"எடுக்கறாங்க சார். கலர்தான் புடிக்க மாட்டேங்குது."

உண்மையாகவே ஒரு துண்டு வாங்கிவிட்டு வந்தேன். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "நித்யா, திரும்பக் கூப்பிட்டாங்கன்னா வெறுங்காலோட ஓடி வருவேன்டி. பம்ப்பு முதமுதல்ல தண்ணி எடுக்கறப்ப ஒரு சத்தம் வருமில்ல? இங்க அந்தமாதிரி ஒண்ணுமே கேக்கறதில்ல."

கூப்பிட வைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

செப். 29, திங்கள்

வாசலில் ஃப்ளெக்ஸ். நடுக்கடலில் நம்ம பம்ப்! முகங்கள்: முதலாளி, அவர் மகன், மச்சான், மச்சானின் கட்சித் தலைவர், போன மாதம் பிறந்த பேரன். கப்பல் படமும் உண்டு, நெட்டில் எடுத்தது, நீச்சல் குளம் வைத்த இரும்புச் சொகுசுக் கப்பல். பம்ப்பை முறுக்கியவர், வார்த்தவர், டெஸ்ட் பண்ணிய நான், ஒருவரும் இல்லை. பிறந்து ஒரு மாதமான குழந்தை என்ன முறுக்கியது?

பதினோரு மணிக்கு கேபினுக்குக் கூப்பிட்டார்கள். கேப்டனிடமிருந்து இன்னொரு செய்தி, இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும். (டிப்ளமோ படித்ததற்கு இந்தப் பயன்.) ரோஸ் பொட்டு வைத்தவரை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டுமாம், வீடியோ காலில். ஆயுத பூஜைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளியே நாள் குறித்தார். என்னைப் பதில் அனுப்பச் சொல்லிவிட்டு அந்த வீடியோவை ஓடவிட்டார். கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை. அதுவும் எரிச்சல்தான். கடலில் இருப்பவனுக்காக அழுகிற மனுஷனுக்குக் கண்ணெதிரே நின்றவள் தெரியவில்லையே.

"அந்தப் பொண்ணத்தான் நிறுத்திப்போட்டமுங்களே" என்று மெதுவாகச் சொன்னார்.

"கூப்பிடலாமுங்களே."

"பாக்கலாமுங்க அம்மணி."

செப். 30, செவ்வாய்

தூறல். நாள் முழுக்கக் கழுவல். கிரீஸ், சோப்புத்தூள், வாழைக்கன்று, மாவிலை. சுப்பு அண்ணன் தன் கிரைண்டருக்கு முகம் கழுவிவிடுவதுபோல் துடைக்கிறார்.

சாயங்காலம் முதலாளி ஒரு சின்ன கவரை என் கையில் வைத்தார். உள்ளே நெயில் பாலிஷ். ஃபேன்ஸி ஸ்டோரில் அவரே போய் வாங்கினாராம். அரக்குச் சிவப்பு. ரோஸ்கூட இல்லை.

"நாளைக்கு இதப் போட்டுக்கிட்டு நீங்களே நின்னுக்கங்க. அவருக்கு ஆளா தெரியப்போகுது?"

கவரைப் பைக்குள் போட்டேன். "சரிங்க" என்றேன்.

சுப்பு அண்ணனிடம் சொன்னேன். துணியைக் கீழே வைத்தார். "ஆயுத பூஜைக்கு வந்தவங்கள எந்தக் கம்பெனியும் வாசல்ல நிறுத்தாதுங்கண்ணு. வேலைய உட்டு நின்னவங்க, பழைய டிரைவர், எதுத்த டீக்கடைக்காரர், அத்தன பேரும் வருவாங்க. மொதலாளி வாங்கன்னுதான் சொல்லோணும்."

உடனே அக்காவுக்கு போன். கடையில் லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள். "புடிக்கட்டும் போ" என்றாள்.

அக். 1, புதன்

வானம் பளிச். சந்தனம், சாமந்தி, சூடம், பொரி. டெஸ்ட் பெஞ்சுக்கு நான் வைத்த குங்குமம் மூக்குவரை வழிந்தது என்று கேலி.

அக்கா பச்சை சுடிதார், கையில் பேரீச்சம்பழ டப்பா. முதலாளி பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு வாய் தானாக, "வாங்க வாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" சுப்பு அண்ணன் பூசணிக்காய்க்குப் பின்னால் திரும்பிச் சிரித்தார்.

சாயங்காலம் கால் வந்தது. சுவரில் பெரிய திரை. அங்கே காலை, கேப்டனின் தங்கை வீடு, ஒரே சோபாவில் கப்பல்காரர்கள் மொத்தமும், பின்னால் ஒரு சேவல். நான் அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "இவர்தான்" என்றேன். கேப்டன் எழுந்து தொப்பியைக் கழற்றினார். சோபாவே எழுந்தது. கத்தல், விசில். அவர்கள் சமையல்காரர் தட்டை அடித்து ஆட, எங்கள் வார்ப்புப் பட்டறைப் பையன்கள் டிரம்மில் தட்ட, சேவல் கூவ. முதலாளியும் கை தட்டினார், மனசோடுதான்.

அக்கா கேட்டாள்: "கப்பல் போயிருச்சேன்னு அழுதீங்களா?"

மொழிபெயர்த்தேன். அழுதேன் என்றார் கேப்டன். கட்டின ஊர் இருக்கிறது, அதே கடற்கரையில் மறுபடி கட்டுவோம், அதற்கு ஒரு பம்ப் வேண்டும், இந்தக் கை முறுக்கியதாக இருக்க வேண்டும் என்றார்.

"கண்டிப்பா அனுப்பறோமுன்னு சொல்லுங்க" என்றார் முதலாளி, சூடத்தட்டோடு.

அந்த பம்ப்பை எப்போது முறுக்க ஆரம்பிப்பீர்கள் என்று கேப்டன் அக்காவிடமே கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"அக்கா இங்க வேலையில இல்லீங்க. அவருக்கு நான் என்னங்க சொல்லட்டும்?"

டிரம் நின்றது. திரையில் அத்தனை முகங்களும் காத்திருந்தன.

"மொதல்ல பொரி எடுத்துக்கங்க அம்மணி" என்றார் முதலாளி.

எடுக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்:

"வெள்ளிக்கிழமை காலையில ஜமீலா அக்கா வேலைக்கு வரலாமுங்களா, வரக்கூடாதுங்களா? சொல்லுங்க."