மல்லிகா கடைப் புகை

ஆகஸ்ட் 5, செவ்வாய்
புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை பெய்யாமலே போனது.
ஏழாம் வகுப்பு. ஒரு பத்தி வாசிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மீதியைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னேன்.
மல்லிகாவின் வடைக்கடை எங்கள் வீட்டுக்கு எதிரிலிருந்து போய் ஒரு மாதம். எண்ணெய்ப் புகையால் எனக்கு இளைப்பு என்று பேரூராட்சி அலுவலகத்தில் சொன்னது நான்தான். டீச்சர் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? இப்போது குளத்தங்கரையில் போட்டிருக்கிறாள். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை.
புகை போய்விட்டது. இளைப்பு போகவில்லை.
வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னும் எதுக்கு இருமிக்கிட்டே இருக்க?"
தூசி என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
வாங்க: து. பருப்பு, சோப்பு, சிவப்பு மைப் பேனா.
படுத்தால் தொண்டையில் புளிப்பு. பிறகு இருமல். இரண்டு தலையணை வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

ஆகஸ்ட் 9, சனி
புதுக்கோட்டை. டாக்டர் சின்னப் பெண். ஒரு குழாயில் ஊதச் சொன்னாள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தாள். அப்புறம் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியே கேள்வி.
"புளிச்ச ஏப்பம் வருமாம்மா?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கூட வந்த வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "தெருவுக்கே கேக்கும் டாக்டர்."
சாயங்காலம் டீ, வடை. ராத்திரி பேப்பர் திருத்திவிட்டு நேரம் கழித்துச் சாப்பாடு. உடனே படுக்கை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கூசியது.
"வயித்து அமிலம் மேல ஏறி மூச்சுக்குழாயை உறுத்துதும்மா. அதான் இருமல், இளைப்பு."
"எதிர்க்க எண்ணெய்ப் புகை..." என்று இழுத்தேன். "அந்தக் கடை போயி ஒரு மாசமாச்சு டாக்டர்" என்றார் அவர்.
"புகையும் உறுத்தும்தான். ஆனா கடை போயும் ஒங்களுக்கு நிக்கலையே?"
மாத்திரை. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும்.
திரும்பும் பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப மல்லிகா?"
புகார் சொன்ன அன்றைக்கும் அவள் வடையைத்தான் தின்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்
தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல். நல்ல தூக்கம். வகுப்பில் முழுப் பத்தியும் வாசித்தேன். சந்தோஷமாக இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
லேசான தூறல். பள்ளி விட்டதும் பேரூராட்சி. நான் சொன்னது தப்பு, மல்லிகாவுக்கே அந்த இடத்தைக் கொடுங்கள் என்றேன்.
"அந்த எடத்த இளநிக்காரருக்கு ஒதுக்கியாச்சே டீச்சர்."
அப்படியே குளத்தங்கரை. தட்டு நிறைய ஆறிப்போன வடை. மல்லிகாவிடம் எல்லாம் சொன்னேன், ஏப்பம் உட்பட. எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கடை போட்டுக்கொள் என்றேன்.
அவள் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"வேணாம் டீச்சர். இங்கிட்டு இப்பத்தான் நாலு பேரு வர ஆரம்பிச்சிருக்காக."
ஒரு வடையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:
"அப்ப புகை இல்ல, வடைதான்னு சொல்றீங்க. அதையும் ஆபீஸ்ல போய்ச் சொல்லிடாதீங்க."
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.