என் கழுத்தும் அண்ணன் கழுத்தும்

பிப்ரவரி 11

இன்று பல் டாக்டருக்கு டிரைவிங் வகுப்பு. ஊரில் எல்லோரையும் பயமில்லாமல் வாயைத் திறக்க வைக்கிறவர். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் அவருக்கே பயம். ஓரமாக நின்ற காரை ரோட்டுக்கு எடுக்கச் சொன்னேன். "கண்ணாடிய மட்டும் நம்பாதீங்க. தோளுக்குப் பின்னால திரும்பிப் பாருங்க." பார்த்தார். யாரும் இல்லை என்றார். நானும் பார்த்திருக்க வேண்டும். கழுத்து பாதிக்கு மேல் போகவில்லை.

சைக்கிள் வந்தது. என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தேன். சைக்கிள்காரர் இறங்கி, பானட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நியாயமான தட்டு.

பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "மேடம், நீங்க திரும்பவே இல்லையே?"

சுளுக்கு என்றேன். மழைக்காலத்தில் வந்த சுளுக்கு. இப்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி இருக்கின்றன.

பிப்ரவரி 12

டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இனி காரில் உட்காராதீர்கள், போர்டில் சிக்னல் பாடம் எடுங்கள் என்றார். 'முந்தாதே' படத்தைக் குச்சியால் காட்டுவது என் வேலை. அதற்குக் கழுத்து தேவையில்லை.

மார்ச் 6

பிசியோதெரபி. மாத்திரை. கழுத்தில் பட்டை. பட்டை போட்டதிலிருந்து எல்லோரும் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்.

ஏப்ரல் 19

கழுத்திலிருந்து கைக்குச் சுண்டுகிற வலி எதற்கும் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று. கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பின் மேல் சாய்ந்திருக்கிறது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார்: "டிஸ்க்க எடுத்துட்டு, மேல கீழ இருக்கிற ரெண்டு எலும்பையும் ஒண்ணா இணைச்சிடலாம். பிளேட் வச்சு இறுக்கிடுவோம். வலி போயிடும்."

"திரும்ப முடியுமா?"

"கொஞ்சம் குறையும். பழகிடும்."

ஏப்ரல் 21

அண்ணன் வந்தான். பல வருடம் முன்பு அவனுக்கு இதே ஆபரேஷன், இரண்டு இடத்தில். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் கழுத்து இலாகா அவனிடம்தான். எனக்கும் அதே என்று கேட்டதும் அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி. மறைக்கத்தான் பார்த்தான்.

"என்னைப் பாரு. எனக்கு என்ன குறைச்சல்?"

பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் தண்ணீர் கேட்க, பீரோவை நகர்த்துவது போல மொத்த உடம்பையும் திருப்பினான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன். 'வலப்புறம் திரும்பு' என்றால் இப்போதும் அவனைப் போல் கச்சிதமாகத் திரும்ப ஆளில்லை.

மே 2

பல் டாக்டர் போன் செய்தார், வகுப்பு எப்போது என்று கேட்க. விஷயத்தைச் சொன்னேன். அவருடைய பேராசிரியருக்கும் கழுத்துதான் போனதாம். குனிந்து குனிந்து வாயைப் பார்க்கிற தொழில். "அவருக்கு இணைக்கல மேடம். நகர்ற மாதிரி செயற்கை டிஸ்க் வச்சாங்க. இப்பவும் குனிஞ்சுதான் வேலை பாக்கறார்." சர்ஜன் பெயரையும் கொடுத்தார்.

இப்படி ஒன்று இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

மே 9

சர்ஜன் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். அவசியமில்லாமல் சிரிப்பதில்லை. கைக்கடக்கமான ஒரு பொருளைக் காட்டினாள்: இரண்டு உலோகத் தட்டு, நடுவில் வழுக்குகிற ஒரு குமிழ். குடத்து மூடி மாதிரி ஆடியது. இதை எலும்புகளுக்கு நடுவே வைத்தால் கழுத்து கிட்டத்தட்ட முன்போல அசையும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆடுற சாமான் தேயுமே டாக்டர்?"

"தேயலாம். இணைச்சா அந்த இடம் தேயாது. ஆனா அதோட வேலையையும் மேல கீழ இருக்கிற டிஸ்க்குங்க செய்யணும், அதுங்க சீக்கிரம் கெட்டுப் போகலாம். போகாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

இது எல்லோருக்கும் ஆகாது என்றும் சொன்னாள். எலும்பு பலமாக இருக்க வேண்டும். கழுத்தின் பின்பக்கச் சின்ன மூட்டுகள் தேயாமல் இருக்க வேண்டும். குனியச் சொல்லி ஒரு எக்ஸ்ரே, நிமிரச் சொல்லி ஒன்று.

வெளியே வந்ததும் அவர், "இந்தம்மாகிட்டயே பண்ணிக்கலாம்" என்றார். ஏன் என்றேன். "உத்தரவாதம் தர மாட்டேன்னு சொல்லுச்சில்ல, அதான்."

மே 16

என் மூட்டுகள் நன்றாக இருக்கின்றனவாம். என்னைப் பற்றி இவ்வளவு நல்ல சேதி கேட்டு நாளாயிற்று.

மே 18

அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"கழுத்துக்கு என்ன வேலை? தலையத் தாங்குறது. சுத்திச் சுத்திப் பாக்கறதா வேலை?"

"என் தொழிலே அதுதான் அண்ணா."

"அப்ப நான் பண்ணிக்கிட்டது முட்டாள்தனம்னு சொல்ற."

நான் எங்கே சொன்னேன்? நான் சொல்லவே இல்லை. அண்ணி சமையலறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள், நிறுத்து என்று. நிறுத்தினேன். அவன் நிறுத்தல. "ஆசைப்பட்டதையெல்லாம் உடம்புக்குள்ள வச்சுப் பாக்க நீ என்ன கடைக்கா போற?"ங்கிறான். என்ன மனுஷன் இவன்? என் கழுத்து, என் கை, என் பொழப்பு. இதுல இவனுக்கு என்ன வந்துச்சு? வலி எனக்கா இவனுக்கா?

மே 19

ஆத்திரம் அடங்கிவிட்டது. வலி அடங்கவில்லை.

ஜூன் 3

நாளைக்கு ஆபரேஷன். சர்ஜன் கடைசியாக ஒன்று கேட்டாள்: "உள்ள பார்த்து, டிஸ்க் சரியா உக்காராதுன்னு தோணிச்சுன்னா இணைச்சிடுவேன். சம்மதமா?" சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்வது, பாதியில் எழுப்பிக் கேளுங்கள் என்றா?

ஜூன் 5

கண் விழித்ததும் என் வீட்டுக்காரர் குனிந்து சொன்ன முதல் வார்த்தை: "ஆடுது." பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோனார்.

தொண்டைப் பக்கமாக அறுத்ததால் குரல் இல்லை. சில நாளில் வருமாம். கையில் அந்தச் சுண்டுகிற வலி இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. விரல்கள் இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கின்றன.

அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் வந்தாள்.

ஜூன் 20

குரல் வந்துகொண்டிருக்கிறது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி. போனில் பேசினால் "சார்" என்கிறார்கள். மெதுவாகத் திரும்பிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று கழுத்து ஜன்னல் வரை திரும்பியது.

ஜூலை 27

மறுபடி கார். முதல் வகுப்பே பல் டாக்டர். பின்னால் திரும்பிப் பார்த்தேன். லாரி ஒன்று வந்தது. சாதாரண லாரி, மண் ஏற்றியது. அது கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். "எடுக்கலாமா மேடம்?" என்று அவர் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

ஆகஸ்ட் 15

அண்ணி டிரைவிங் ஸ்கூலுக்கே வந்துவிட்டாள். இதுவரை வந்ததில்லை. சிக்னல் போர்டுக்கு அடியில் உட்கார்ந்து சொன்னாள்: "ரொம்ப நாளா சட்டைப் பட்டன் நான்தான் போட்டு விடறேன். டம்ளர் கையில நிக்க மாட்டேங்குது. நடையும் ஒரு மாதிரி தள்ளாடுது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"சத்தியத்த என்ன பண்றது அண்ணி?"

"சத்தியம் பண்ணது நான். நீ பண்ணலையே."

மே மாதமும் இவன் கை இப்படித்தான் இருந்திருக்கிறது. என்னிடம் கத்தியபோதும்.

ஆகஸ்ட் 16

போனேன். அண்ணனிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். எழுத முயன்றான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப போகணும்?" என்றான்.

ஆகஸ்ட் 22

இணைத்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் டிஸ்க் போய்விட்டது. தண்டுவடத்தையே அழுத்துகிறது. தள்ளிப்போட்டால் நடையும் போய்விடும் என்றாள் சர்ஜன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைக் கையால் காட்டினான். "இவளுக்கு வச்சத எனக்கும் வச்சிடுங்க."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"முடியாது சார்," என்றாள். "உங்களுக்குப் பின்பக்க மூட்டெல்லாம் தேஞ்சிருக்கு. அங்க ஆடுற டிஸ்க் வச்சா வலிதான் கூடும். உங்களுக்கு இணைக்கிறதுதான் நல்லது. நல்லதுன்னா, நிஜமாவே நல்லது."

"இன்னும் ஒண்ணா?"

"இன்னும் ஒண்ணு."

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வண்டி பாலம் ஏறியது. பிறகு, "அன்னைக்கே எனக்கு இத வச்சிருந்தா?" என்றான்.

தெரியல அண்ணா என்றேன்.

"பதில் கேக்கல. நீ ரோட்டப் பாரு."

பார்த்தேன். ரோடு கொஞ்ச தூரம் கலங்கலாகத் தெரிந்தது.

செப்டம்பர் 4

ஆபரேஷன் முடிந்தது. சர்ஜன் வெளியே வந்து, "நல்லா இணைஞ்சு உக்காந்திருக்கு" என்றாள். அண்ணி அழுதாள். என் வீட்டுக்காரர் யாருக்கும் வேண்டாத காபியை வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

செப்டம்பர் 6

அண்ணன் கழுத்தில் கனமான பட்டை. நேரே பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆளாளுக்குப் பக்கவாட்டில் நின்று நலம் விசாரிக்கிறார்கள். அவன் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளிப் பதில் சொல்கிறான். களைத்துவிட்டான். எல்லோரும் போன பிறகு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் கால்மாட்டுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டை விரலில் தொட்டுக் காட்டினான். மோதிர விரல் மட்டும் தவறியது. மறுபடி முயன்று தொட்டுவிட்டான்.

"உனக்கு வலி இருக்கா இப்ப?" என்றான். குரல் தகரம்.

"இல்ல அண்ணா."

"திரும்பு பாப்போம்."

திரும்பினேன். இடது பக்கம், வலது பக்கம். அவன் பழைய டிரில் மாஸ்டர் கண்ணோடு பார்த்தான். குறை ஒன்றும் சொல்லவில்லை.

"சரி," என்றான். "கொஞ்சம் தள்ளி உக்காரு. டிவி மறைக்குது."