இருபத்து நாலாவது வெட்டு

ஏலே மாப்ள,

ஆய்வகத்து அலமாரியின் கீழ்த்தட்டில் நம் செருப்புப் பெட்டி இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திறந்தேன். மைதாப் பசை புளித்த வாடை முதலில் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் லேசாக அச்சு மை வாடை. உங்க அப்பா பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த காலண்டர் கழிவுத் தாள் அல்லவா. சணல் கயிறு, முப்பது துணிக் கிளிப், நாம் வெட்டிய துண்டுகள், வரைந்த அட்டைகள் எல்லாம் பத்திரம். ஏழாவது துண்டின் ஓரத்தை மட்டும் கரப்பான் தின்றிருக்கிறது. நாம் நடத்திய பாடத்தை ஒரு ஜீவனாவது முழுசாக உள்வாங்கியதில் சந்தோசம்.

இருபத்து நாலாவது அட்டையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதே பாடத்தை வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புக்கு மறுபடியும் நான் நடத்த வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இந்த வருடம் ஆறாம் வகுப்பின் முதல் பெஞ்சில் உன் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். அந்த அட்டையில் நீ வரைந்திருப்பது டெங்கு வைரஸ். போன வருடம் தீபாவளி முடிந்து, பட்டாசு ஆலைகளெல்லாம் லீவு விட்டிருந்த வாரத்தில், ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோனதும் அதுதான். அவள் முன்னால் அதை எப்படிடா தொங்கவிடுவது?

இந்தப் பாடமே நமக்குத் தண்டனையாக வந்தது என்று இப்போது யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் உயரம் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? குறைசொல்ல முடியாத உயரம் உனக்கு, ஏற்கெனவே குறைவுதான். காலையில் முதல் ஆளாக வந்து, சுவரில் ஒட்டியிருந்த அளவுத் தாளின் அடியில் ஐந்து சென்டிமீட்டரைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்தைத் தரையோடு இறக்கி ஒட்டினோம். வெட்டியது நீ, காவல் நின்றது நான். மதியத்துக்குள் பள்ளிக்கூடமே ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. பிள்ளைகள் சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இயற்பியல் டீச்சர் சும்மா ஒரு தடவை தானும் நின்று பார்த்ததில்தான் மாட்டிக்கொண்டோம்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வளரலையே," என்றார். அறையே சிரித்தது. சிரிக்காமல் நின்றது நாம் இரண்டு பேர் மட்டும். அதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"அளவைத் திருடுன ரெண்டு பேரும் ஒரு வாரம் ஆறாவதுக்கு அளவு நடத்துங்க. ஒரு மீட்டர்ல ஆரம்பிச்சு எம்புட்டுச் சின்னதாப் போக முடியுமோ போங்க."

"சின்னதைக் காட்டணும்னா நான் போய் நின்னாலே போதும் டீச்சர்," என்றாய் நீ.

ஒரு மீட்டர் நீளத் தாளைப் பாதியாக வெட்டுவது, பாதியைப் பாதியாக வெட்டுவது, இப்படியே முப்பது தடவை வெட்டினால் நானோ மீட்டரில் போய் நிற்கும். கணக்குப் போட்டது நான், சணல் கட்டித் துணி காயப்போடுவது போலக் கிளிப்பில் மாட்டும் யோசனை உன்னுடையது. பத்தாவது வெட்டில் ஒரு மில்லிமீட்டர் வந்தது. நகத்தின் மேல் அதை வைத்து வகுப்பு முழுவதும் சுற்றிக் காட்டிவிட்டுக் கத்தரியை மேசையில் வைத்தாய்.

"கத்தரி இதோட ரிட்டயர்டுலே. இன்னும் இருபது வெட்டு இருக்கு. அது பூராவும் மனசாலதான் வெட்டணும்."

பதினாலாவது வெட்டு தலைமுடியின் தடிமன். அதற்குச் சாட்சியாக என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாய். "ஹெட்மாஸ்டர்கிட்டக் கேக்கலாம்னு பாத்தேன், அங்கன ஸ்டாக் இல்லை."

எனக்கு ஒரு பயம் இருந்தது. வெட்டின் எண் கூடிக்கொண்டே போகிறது, பொருள் குறைந்துகொண்டே போகிறது, பிள்ளைகள் குழம்புவார்களே என்று. நாமே ஒன்பதாம் வகுப்பில் இதில்தான் கோட்டை விட்டோம். ஆனால் அச்சங்குளத்துப் பையன் ஒருவன் எழுந்தான்.

"இதுல என்னண்ணே இருக்கு? எங்கம்மா பட்டாசுக் கம்பெனியில மருந்து சலிக்கும். சல்லடைக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூடப் பொடி நைசா விழும். அதே கணக்குத்தான?"

நீ அவனைத் தூக்கி மேசைமேல் நிறுத்தாத குறை. அவன் அதோடு விடவில்லை.

"அப்ப ஆறாவது படிக்கிற எங்களை விடப் பதினொண்ணாவது படிக்கிற நீங்கதாம்ணே பொடி."

வகுப்பே மேசையைத் தட்டியது. நீயும் சேர்ந்து தட்டினாய். அந்த வாரம் நாம் அளந்ததை விட அளவளாவியதுதான் அதிகம்.

இருபத்து நாலில் வைரஸ். அதற்குக் கூலிங் கிளாஸும் முறுக்கு மீசையும் வரைந்திருந்தாய். கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது என்று ஒருத்தி கேட்டாள். "காய்ச்சல் வந்தா நம்பிருவ," என்று சொல்லிவிட்டு அடுத்த கிளிப்புக்குப் போய்விட்டாய்.

நான்தான் நம்பவில்லை.

'காய்ச்சல்லே, நாளைக்கு வரலை' என்று நீ மெசேஜ் அனுப்பினாய். போன தடவை தெர்மாமீட்டரை டீ கிளாஸில் முக்கி எடுத்து உங்கம்மாவிடம் காட்டியவன் நீ. அதனால், 'டீயில சர்க்கரை போட்டியா?' என்று பதில் அனுப்பினேன். ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது நாள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பதினாறாம் நாளுக்கு உங்க ஊர் தாயில்பட்டிக்கு வந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் உங்கம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "மழையில நனைஞ்ச காய்ச்சல்னு கசாயம் வெச்சுக் கொடுத்தேனே. கண்ணு முன்னால கெடந்த பிள்ளையைப் பாக்காம விட்டுட்டேனே." என் பைக்குள் போன் கனத்தது. அதை வெளியே எடுக்காமல் பந்தலிலிருந்தே திரும்பிவிட்டேன். அதன் பிறகு தாயில்பட்டி பஸ் வந்தாலே வேறு பக்கம் பார்த்து நிற்கிறேன். ஊருக்கே வாய் காட்டுகிற எனக்கு உங்க வீட்டுப் பக்கம் முகம் காட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சணலைக் கட்டினேன், வெட்டினேன், மாட்டினேன். இருபத்து மூன்றை மாட்டிவிட்டு, கை தானாக இருபத்து ஐந்தை எடுத்தது.

"அண்ணே, இருபத்து நாலு எங்க?" உன் தங்கச்சிதான்.

"தொலைஞ்சு போச்சுத்தா."

"தொலையலை. ஒங்க சட்டைப் பையில நீட்டிக்கிட்டு நிக்குது. அந்த மீசைக்கு நாந்தான் கலர் அடிச்சுக் கொடுத்தேன்."

உன் வீட்டில் எனக்குத் தெரியாமல் உதவி ஆசிரியர் ஒருத்தரை வைத்திருந்திருக்கிறாய். எடுத்துக் கொடுத்தேன். பெஞ்சில் ஏறி அவளே மாட்டினாள். வகுப்பில் பாதிப் பேர் தாயில்பட்டி பஸ்ஸில் வருகிறவர்கள், எல்லாருக்கும் தெரியும்.

"இதுவாண்ணே?"

"ஆமா."

பத்தாவது கிளிப்பிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். "கத்தரி நின்னதுக்கு அப்புறம் பதினாலு வெட்டு," என்றாள். "அம்மாகிட்ட இதைச் சொல்லணும்ணே. எனக்கு உங்கள மாதிரிச் சொல்லத் தெரியாது. நீங்க வாங்க."

வராமல் இருக்க எனக்குப் பத்துக் காரணம் தெரியும். ஒன்றுகூட அவளிடம் சொல்லும்படியாக இல்லை.

சனிக்கிழமை போனேன். உங்கம்மா, "வாய்யா, மெலிஞ்சுட்டியே," என்றார். தாளையும் கத்தரியையும் அவர் கையிலேயே கொடுத்தேன். வெட்டினார். தங்கச்சி சத்தமாக எண்ணினாள். ஒன்பதாவதில் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல பிடிபடலைய்யா."

"இன்னும் பதினஞ்சு இருக்கும்மா. அது யாரு கண்ணுக்கும் தெரியாது. டாக்டர் கண்ணுக்கே தெரியாது."

விரல் நுனியில் ஒட்டியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், மாப்ள. முதல் இரண்டு நாளை எந்தக் கத்தரியாலும் வெட்டி எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, அதுவரை வாயில் அடைத்திருந்ததும் வந்துவிட்டது.

"அவன் காய்ச்சல்னு சொன்னப்ப நான் நம்பலைம்மா. வெளையாட்டுன்னு நெனச்சு, டீயில சர்க்கரை போட்டியான்னு கேட்டு மெசேஜ் போட்டேன்."

உங்கம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்யா. என்னையக் கூப்பிட்டுக் காட்டுனான். அப்பத்தான் அந்தத் தெர்மாமீட்டர் கதையையும் சொன்னான். சொல்லச் சொல்ல அப்படி ஒரு சிரிப்பு. அந்த ரெண்டு நாள்ல அவன் சிரிச்சது அந்த ஒரு தடவைதான்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் தாள் துண்டுகளாகக் கிடந்தது.

ஒரு வருடமாக அந்தச் சிரிப்புப் பொம்மையைத் திரையில் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன். நீ வலியோடு, எனக்காகப் போட்ட பொம்மை என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சிரிப்பு இருந்திருக்கிறது. நான் பார்க்காத சிரிப்பு. இப்போது என்னிடம் இருப்பது அதுதான். பையில் கனப்பதில்லை.

கண் முன்னால் கிடந்த பிள்ளையைப் பார்க்காமல் விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்கிற உங்கம்மாதான் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.