பாய் மேல் பனி

மார்கழி 6, செவ்வாய்

பொங்கல் மேட்சுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. பூட்ஸ் போடாதவனுக்கு டீமில் இடமில்லை என்று காப்டன் இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாந்தோம் குப்பத்து ஆரோக்கியம் இதுவரை வெறுங்காலோடுதான் பந்து வீசியவன். பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடியதும் குப்புற விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகும் வீசிக்கொண்டே இருந்தான். பிட்சில் விரித்த தென்னைநார்ப் பாயை இருட்டுமுன் சுருட்டுவது என் வேலை. பனியில் நனைந்தால் கிளப் செக்ரடரி என்னைத்தான் திட்டுவார்.

"இன்னும் ஒரே ஒரு பந்துண்ணே. காலு இப்பத்தான் பழகிக்கினு வருது."

இருட்டில் ஸ்டம்ப் கண்ணுக்கே தெரியவில்லை. அது சாயும் சத்தம் மட்டும் கேட்டது. தடவிப்போய் நட்டுவிட்டு வந்தேன். மறுபடியும் சாய்ந்தது.

பாய் நனைந்துதான் போயிற்று. நாளைக்குத் திட்டட்டும். அந்தச் சத்தத்தை அவரும் கேட்டிருந்தால் திட்ட மனசு வராது.