வயிற்றைக் கழுவச் சொன்ன நாத்தனார் எழுதுவது

பேச்சில் ஒரு நாளும் என்னை ஜெயிக்க விடாத என் மதினிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களோடு சண்டை போடாமல் ஒரு வாரம்கூட இருந்தவள் இல்லை நான். இந்த எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன். இன்றைக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தப்பு என் மேல்தான். இந்த வார்த்தையை என் வாயிலிருந்து நீங்கள் கேட்டதே இல்லை, இல்லையா?

போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். இளையரசனேந்தல் பக்கத்துக்காரி. "லேபுல சீட்டு எழுதுவாங்களே, அந்த அம்மாவுக்கு நீங்க சொந்தம்தான? எனக்குப் பாசிப்பயறு குடுத்த மகராசி" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, வீட்டிலிருந்து அவித்த பயறு கொண்டுபோய்க் கொடுப்பீர்களாமே. பதினெட்டு வருடம் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தீர்கள். இதை ஒரு நாளாவது வீட்டில் சொன்னீர்களா? நானாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

ரிப்போர்ட்டை வாங்கப் பயந்து நிற்கிறவர்களிடம் நீங்கள் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா" என்பதுதானாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

நான் அந்தப் பொடி வியாபாரத்தில் இறங்கிய புதிதில் உங்களிடம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பச்சைப் பாக்கெட். ஏழு நாள் வேறு எதுவும் சாப்பிடாமல் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் உடம்பின் கழிவெல்லாம் போய்விடும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"மதினி, உள்ள கிடக்க அழுக்கு பூராவும் ஏழே நாள்ல வெளிய வந்துரும்."

நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். நிமிரக்கூட இல்லை. "ஏட்டி, எந்த அழுக்கு? பேரச் சொல்லு, நாளைக்கு டெஸ்டுக்கு எழுதுதேன்."

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு எல்லாம் தெரியுமாக்கும்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது வடிவு. ரிப்போர்ட்டப் பாத்துப் பாத்து ஒண்ணு தெரியும். ஈரலும் கிட்னியும் நாம பொறந்ததுல இருந்து அந்த வேலையத்தான் பாக்குது. வேலை பாக்க ஆளுக்கு நேரத்துக்குச் சோறு போடணும்லா? பட்டினி போட்டா வேலை நடக்குமா? வயிறு என்ன சட்டியா, கழுவிக் கவுத்திப் போடுததுக்கு?"

மூன்று வாரம் உங்களோடு பேசவில்லை. நாலாவது வாரம் கூட்டாஞ்சோறு கொடுத்தனுப்பினீர்கள். முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய் எல்லாம் போட்டு, பருப்பு கைக்கு அகப்படும்படி. ரோஷத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். எங்கே, மூடியைத் திறந்ததும் வாசனை வந்துவிட்டதே.

உங்கள் சமையலில் பத்தியம் என்ற பேச்சே கிடையாது மதினி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். சுகர் வந்த மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கென்று தனிச் சட்டி வைக்காமல், வீடே அவர் சாப்பாட்டைச் சாப்பிடும்படி செய்தீர்கள். சோறு கொஞ்சம், கீரை நிறைய. கொள்ளுத் துவையல், வாழைத்தண்டுப் பச்சடி, மோர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் தடை இல்லை, அளவுதான் உங்கள் கையில் இருந்தது. பத்து வருடமாக அண்ணனுக்கு மாத்திரை கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. நாங்களெல்லாம் அவர் உடம்புவாகு என்று நினைத்துக்கொண்டோம்.

இனி சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் நீங்கள் போனபோது, துட்டி வீட்டில் யாரோ ஒருத்தி, "இவ்வளவு பாத்துப் பாத்துத் தின்னவளுக்கே இப்படி ஆயிட்டே" என்றாள். என் மனசுக்குள் ஒரு மூலையில், பார்த்தீர்களா மதினி, என்று ஓடியது. அழுதுகொண்டேதான் இருந்தேன். ஆனாலும் ஓடியது. சாகாமல் இருப்பதற்காகக் கீரை தின்கிறேன் என்று நீங்கள் எப்போதாவது சொன்னீர்களா என்ன?

அண்ணன் தனியாகிவிட்டார். பிள்ளைகள் பெங்களூருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டும் போகவில்லை. கடைவாசலில் நின்றுகொண்டே ஒரு டீ, ஒரு வடை, அதோடு ஆபீஸுக்குப் போய்விடுவார். போன மாதம் ஸ்கேன் பார்த்ததில் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள். சுகரும் ஏறியிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? எங்கள் ஊர் கரிவலத்திலிருந்து பாக்கெட்டோடு உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

இத்தனை நாள் என் பொடியைக் கேலி பண்ணிய மனுஷன் இந்தத் தடவை கை நீட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. சுகர் மாத்திரையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆபீஸ் படியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார், வயிற்றில் ஒன்றும் இல்லை. சுகர் அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர் விவரமானவர், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்: "சுகர் மாத்திரை போடுறவர் இப்படிப் பட்டினி கிடக்கலாமா? யார் சொன்னா உங்களுக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "யாரும் சொல்லல சார். நானாத்தான்."

டாக்டர் திட்டவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காய்கறி பருப்பு நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள், தினமும் நடங்கள், அந்தக் கொழுப்பு தானாகக் குறையும் என்றார். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் எனக்குக் காது கேட்டது.

மறுநாள் உங்கள் அடுப்படிக்குள் நுழைந்தேன். கீரையும் பருப்பும் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. அண்ணனை உட்கார வைத்துக் கேட்டேன்: "நான் சொன்ன எதை நீங்க கேட்டிருக்கீங்க? இத மட்டும் ஏன் வாங்கினீங்க?"

சோற்றை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"ஏழு நாளு சாப்பிடாண்டாம்னு சொன்னியேட்டி, அதான்" என்றார். "அவ இல்லாம இந்தத் தட்டுக்கு முன்னால உக்கார முடியல. ஒரு வாரத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லைன்னு நெனச்சேன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். எட்டு மாதமாக அந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் பார்த்தேன். நீங்களாக இருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள்?

அந்தக் குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். மிச்சமிருந்த பாக்கெட்டுகளைக் குப்பையில் கொட்டிவிட்டேன். என்னிடம் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய், குடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாத்திரை போடுகிறவர்களிடம் முதலில் போனேன். ராயகிரியில் ஒருத்தி முகத்துக்கு நேரே ஏசினாள். ஏச்சை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது தினமும் காலையில் கரிவலத்திலிருந்து முதல் வேலையாகப் பஸ் ஏறுகிறேன். உங்கள் கைப்பக்குவம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் இரண்டு தட்டு எடுத்து வைக்கத் தெரியும். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் மதினி, அவர் தட்டு காலியாகிற வரைக்கும் நான் எதிரிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
வடிவு