சிவப்புக் குடை தெரிந்ததா

அன்புச் செல்லம் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அவரவர் வலியோடும் மாத்திரையோடும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், இருந்தாலும் எழுதிக் கேட்கிறேன். போனில் என்னத்தைப் பேசுவது, மணி அடித்ததுமே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார். அண்ணன் தன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தான், வாசனை போவதற்குள் சாமான்களை ஏற்றிவிட்டு இப்போது வீடே தும்முகிறது. அப்பாவுக்கு முட்டி வலி குறையவில்லை, மாடிப்படியைக் கண்டால் பழைய பகையாளியைக் கண்டதுபோல் முறைக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்களைப் பழைய விமானங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். நீ முதன்முதலாக ஏறிப்போன விமானத்தை அங்கே கொண்டுவந்து புதுப்பிக்கிறார்களாம், எங்கேயோ படித்திருக்கிறான். அதே விமானம்தான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று நான் சண்டை பிடித்தேன். போய்ப் பார்த்தால் அதேதான். வாலில் இருக்கும் கடைசி இரண்டு எழுத்தும் அப்பா பெயருக்கும் என் பெயருக்கும் முதலெழுத்து என்று அப்பா அன்றைக்கே கண்டுபிடித்து, ஏதோ நாமே வாங்கி விட்ட விமானம் மாதிரி அலட்டிக்கொண்டாரே, மறந்திருக்க மாட்டாய். துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், மூக்கு நசுங்கிய போர் விமானம் எல்லாம் தாண்டிக் கொட்டகைக் கடைசியில் நிற்கிறது. ஒரு பக்க எஞ்சினைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறார்கள், நாலைந்து பேர் உப்புத்தாளால் பழைய பெயின்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், எங்கும் தின்னர் நெடி. அன்றைக்கு என் பிள்ளையை விழுங்கிக்கொண்டு போன ராட்சசன், இன்றைக்குப் பல்லைக் கழற்றி வைத்த கிழவர் மாதிரி நிற்கிறான்.

அப்பா அந்தச் சிவப்புக் குடையை எடுத்து வந்திருந்தார். நீ உள்ளே போகும்போது, "ஏர்போர்ட் மொட்டை மாடியில நின்னு குடையைக் காட்டுறேன், ஜன்னல் வழியா பாரு" என்று சொல்லி அனுப்பினாரே, அதே குடை. மழையே இல்லாத நாளில் விரித்து விரித்து ஆட்டினார், சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மறுநாள் நீ போனில் "குடை நல்லாத் தெரிஞ்சுதுப்பா" என்றாய். அவ்வளவுதான், இரண்டு கம்பி ஒடிந்தும் அதைத் தூக்கிப்போட விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர் எல்லாரிடமும் அந்தக் கதைதான், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூடத் தப்பவில்லை.

உள்ளே ஏறிப் பார்க்கப் படி வைத்திருந்தார்கள். முட்டியால் அப்பாவுக்கு ஏற முடியவில்லை. "நீ போயி அவ சீட்டுல உக்காரு, நான் கீழருந்து குடையைக் காட்டுறேன், தெரியுதான்னு பாரு" என்றார். பதினோராம் வரிசை இடது ஓரம், நம் வீட்டு எண்ணும் பதினொன்று என்பதால் எனக்கு மறந்ததே இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மெக்கானிக் ஒருவர் கூட வந்து வழி காட்டினார். உட்கார்ந்து திரும்பினேன். ஜன்னலே இல்லை குட்டி. முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது, உன் வரிசைக்கு மட்டும் சுவர். பலகையைக் கழற்றியிருந்ததால் உள்ளே தடித்த குழாய் ஒன்று மேலே போவது தெரிந்தது. "ஏசி காத்து போற குழாய்மா, அதான் இங்க ஜன்னல் வைக்கல, ஓர சீட்டுன்னு ஆசையா கேட்டு வாங்கினவங்க எல்லாம் எங்களைத்தான் திட்டுவாங்க" என்று சிரித்தார். முன்ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம் என்றால் முன்சீட்டு முதுகு மறைக்கிறது. நீ அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டா போனாய்? அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன், மெக்கானிக் நல்ல மனிதர், ஏதோ ஸ்பானரைத் தேடுவதுபோல் தள்ளிப் போய்விட்டார்.

இறங்கி வந்தால் அப்பா கை மாற்றிக் கை மாற்றிக் குடையைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார். "தெரிஞ்சுதா?" என்றார். "நல்லாத் தெரிஞ்சுது" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். பார்க்காமலேயே சொன்னாயே.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மூன்று வாரமாகப் போனில் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய், முகத்தைக் காட்டுவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேம்மா என்கிறாய். குடை தெரிந்தது என்று சொன்னாயே, அதே குரல். அப்பாவிடம் அப்படியே சொல்லிக்கொள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். எனக்கு மட்டும் உள்ளதை எழுது. உடம்போ, வேலையோ, மனசோ, எதுவானாலும் சரி. வந்துவிடத் தோன்றினால் வந்துவிடு, ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டோம். சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்காதே.

இங்கே தபாலைப் பிரிப்பது அப்பாதான், அதனால் பதிலை அண்ணன் முகவரிக்குப் போடு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுளையும் சேர்த்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குடையைப் பார்க்காத இன்னொருத்தி,
உன் அம்மா