உனக்குப் பதிலாக நான் போகும் வகுப்பு

தேற்றாத்தீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நிருஷாவுக்கு,

அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் மகள் தக்ஷாயினியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெயிலுக்கும் ஏசிக்கும் இடையில் மாறி மாறிக் கிடந்து காய்ச்சல் ஒன்றும் தேடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று அவரையே கேட்டுக்கொள்கிறேன். சுகம் விசாரிக்க மட்டும் என்றால் போன் இருக்கிறதே, அப்பாவுக்கு ஏன் இந்தப் பழைய வேலை என்று நினைப்பாய். வீடியோ வருகிற போன் உன் புருஷன் நிதுர்ஷனின் கையில் இருக்கிறது, நீ எடுக்கிற நேரமெல்லாம் அவன் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், என்னுடைய போனுக்கோ கட்டாருக்கு எடுக்க வக்கு இல்லை. என்னோடு டிப்போவில் சாரதியாக இருந்த காத்தான்குடி றமீஸின் மகன் ஹில்மி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் செயன்முறைப் பரீட்சையைப் பின்போடவில்லை. வருகிற மாதம் இருபத்தேழாம் திகதிதான், புளியந்தீவில்தான், காலையில்தான். பின்போட்டுவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னவன் பொய் சொன்னான். அவன் யார் என்று உனக்குத் தெரியும். உடனே போனை எடுத்து அவனோடு கத்தாதே, முழுவதையும் வாசித்துவிட்டுக் கத்து.

நீ போன முறை லீவில் வந்து எழுதின எழுத்துப் பரீட்சையில் பாஸ் பண்ணினபோது ஒழுங்கை முழுக்க வந்து கைகொடுத்துவிட்டுப் போனது. அத்தோடு ரீச்சர் வேலை கிடைத்துவிட்டது என்று நானும் மடையன் மாதிரி நினைத்தேன். பிறகல்லவா தெரிந்தது, நேர்முகத் தேர்வுக்கு வருகிற போர்டுக்காரர் மூன்று பேருக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்துக் காட்ட வேண்டுமாம், ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையும் இருக்காதாம். எனக்குப் பஸ் லைசன் தந்தவன் பஸ் இல்லாமல் கதிரையில் இருத்திவைத்து ஓட்டிக்காட்டச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பேன். சரி, அரசாங்கத்தின் புத்தி அவ்வளவுதான். அதற்குப் பழக்குகிற ஒரு வகுப்பு இருக்கிறது, நடத்துகிற சேர் வீடியோ எடுக்க விடமாட்டார், யாராவது நேரே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்டாய். உன் புருஷன் தனக்கு நேரமில்லை என்றான். அவனுக்கு நேரமில்லை! காலையில் எழும்பி போனில் லொறி பார்க்கிறான், பிறகு சந்திக்குப் போய் நாலு பேரோடு லொறியைப் பற்றிக் கதைக்கிறான், மத்தியானம் வந்து உன் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு விசிறிக்குக் கீழே படுத்துக் கனவில் லொறி ஓட்டுகிறான். இதற்குள் அவன் எங்கே புளியந்தீவுக்குப் போவது? ஆகவே நான் போனேன்.

வகுப்பு ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில். கீழே கம்பி அறுக்கிற சத்தம், மேலே குகதாசன் சேரின் சத்தம், இரண்டில் கம்பி பரவாயில்லை. மனுசன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் வருவார், வியர்வையில் அது நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருக்கும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிற இவர் முதலாம் வகுப்புக்குள் கால் வைத்தது தான் படித்த காலத்தில் மட்டும்தான், அதை அவரே பெருமையாகச் சொன்னார். அவரிடம் ஒரு முறை இருக்கிறது. வாசலில் நின்று ஒரு சிரிப்பு, உள்ளே வந்து ஒரு கைதட்டல், பிறகு ஒரு பாட்டு, பிறகு படம் காட்டிக் கேள்வி, விடை எதுவாக இருந்தாலும் மிக நன்று, கடைசியில் போர்டைப் பார்த்து இன்னுமொரு சிரிப்பு. சிரிப்புக்கே ஒரு கிழமை போனது. பல் தெரிய வேண்டுமாம், ஆனால் பல்லுக்கு மேல் இருக்கிற முரசு தெரியக்கூடாதாம். பட்டம் முடித்த பிள்ளைகள், தாய்மாராகவும் இருக்கிறார்கள், வரிசையாக நின்று இவர் கையசைக்கும்போது பல்லைக் காட்டினார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது, எரிச்சல்தான் கூட. இதில் பெரிய விசேஷம் என்னவென்றால் எல்லாருக்கும் ஒரே பாடம், எனது குடும்பம். ஒரே படம், அப்பா பேப்பர் வாசிக்கிறார், அம்மா அகப்பையோடு அடுப்படியில் நிற்கிறார். ஏறாவூரில் இருந்து வருகிற றுக்ஷானா என்ற பிள்ளை மட்டும் எழும்பி, எல்லாரும் இதையே கொண்டுபோனால் போர்டுக்காரர் சிரிக்க மாட்டார்களா சேர் என்று கேட்டது. சேர் அதற்கு, “அவங்களுக்கும் இதுதான் விருப்பம், நீங்க புதுசா ஒண்டும் காட்டப் போகாதீங்க” என்றார். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்கள். என்னத்தை எழுதினார்களோ.

இனி என் கதையைக் கேள். பழகுவதற்குப் பிள்ளைகள் வேண்டும், ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் ரீச்சராகத்தான் இருக்க வேண்டும், அழுத்தின சாறியோடு பாயில் இருக்க ஒருத்திக்கும் மனம் இல்லை. சேர் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, நீங்க சோதினைக்குப் போகாத ஆள்தானே, பாயில இருங்க, நீங்கதான் எங்கட புள்ள” என்றார். நீ சிரிக்கிறாய், எனக்குத் தெரியும். அறுபத்தைந்து வயதில் உன் அப்பா புளியந்தீவில் முதலாம் வகுப்புப் பிள்ளை. கம்பஸ் பட்டம் எடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்குப் படிப்பித்தார்கள். ஒருத்தி நான் வாய் திறக்க முதலே கெட்டிக்காரன் என்றாள். இன்னொருத்தி சம்மணம் கொட்டி இருக்கச் சொன்னாள், முழங்கால் மடியாது தங்கச்சி என்றேன், பிள்ளைகள் அப்படிச் சொல்லக்கூடாது என்றாள். வேறொருத்தி என் கன்னத்தைக் கிள்ள வந்தாள், நான் முறைத்த முறைப்பில் கையை எடுத்துவிட்டாள். இதெல்லாம் போகட்டும். எனக்கு வெறுத்துப்போனது என்னவென்றால் றுக்ஷானாவைத் தவிர ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் என் தலைக்கு மேலால் போர்டுக்காரர் இருக்கப்போகிற மேசையில்தான். வெறும் மேசை அது, அதில் சேரின் தேத்தண்ணீர்க் கோப்பை இருந்தது. அந்தக் கோப்பைக்குத்தான் இவ்வளவு நாளும் படிப்பித்தார்கள். நாளைக்கு இவர்கள்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரீச்சர்.

அங்கேதான் உன் புருஷனின் வண்டவாளம் வெளியே வந்தது. போன கிழமை சேர், இருபத்தேழாம் திகதிக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் சாறி கட்டி வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடமும் பின்போட்டுவிட்டார்கள் என்றுதான் அவன் சொல்லியிருந்தான், என்றைக்கு வைத்தாலும் உதவும் என்றுதான் நான் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். பாயில் இருந்தபடியே நான் கையை உயர்த்தி, அதைத்தான் பின்போட்டுவிட்டார்களே என்றேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிழையான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல. றுக்ஷானா தன் கைப்பையில் இருந்து அழைப்புக் கடிதத்தை எடுத்துக் கொண்டுவந்து, “அப்படி ஒண்டுமில்ல வாப்பா, நேத்தும் கச்சேரி ஒபிஸ் பக்கம் போய்க் கேட்டுட்டுத்தான் வந்தன்” என்று என் கையில் தந்தது. அதே திகதி. நான் வீட்டுக்கு வந்து நிதுர்ஷனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் போனைத் தடவினான். பிறகு, “இப்ப அவ லீவு கேட்டாவெண்டா வேலைக் கொன்றாக்ட நீட்ட மாட்டானுகள் மாமா, இன்னும் ரெண்டு வருஷந்தானே, ஒரு லொறிய எடுத்துட்டமெண்டா பிறகு எல்லாம் சரி, ரீச்சர் வேலை எங்க ஓடப்போகுது” என்றான். ஓடத்தான் போகிறது. இந்த முறை தவறினால் உனக்கு வயதெல்லை தாண்டிவிடும், பிறகு விண்ணப்பிக்கவே முடியாது, அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தான் என்றால் முட்டாள் என்று விட்டுவிடலாம். தெரிந்து செய்தவனை என்னவென்று சொல்வது, நீ கட்டினவன் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

அம்மாவுக்கு அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. ஆனால் மருமகனைப் பட்டினி போட்டாள் என்று ஊர் சொல்லிவிடும் அல்லவா, ஆகவே சோற்றுக் கோப்பையைப் போடுகிறாள், குழம்பை ஊற்றுகிறாள், மீனை மட்டும் சட்டியிலேயே வைத்துக்கொள்கிறாள். அவனும் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறான். துரத்திவிடவா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். இது உன் பெயரில் எழுதின சீதன வீடு, மகள். எங்கள் பக்கத்து முறைப்படி அவன்தான் உன் வீட்டுக்கு வந்தவன், நீ அவன் வீட்டுக்குப் போகவில்லை. வந்தவன் வீட்டுக்காரியைக் கடலுக்கு அப்பால் வைத்துக்கொண்டு உள்ளே இருந்து அவளுடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறான். உன் வீடு, உன் புருஷன், நீயே வந்து தீர்த்துக்கொள். நான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் நாளைக்கு நீயே அவனுக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்பா பொல்லாதவர் என்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

உன்னையும் சும்மா விடமாட்டேன். யாரோ அரபிக்காரரின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிற வேலைக்குப் போனாலும் நீயும் பட்டதாரிதானே. பின்போட்டுவிட்டார்கள் என்று ஒருவன் சொன்னதும் கூடப்படித்த ஒருத்தியிடமாவது கேட்டாயா? கொடுத்த லீவுக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாயாம், அதை அவன் எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னான். இவ்வளவு நம்புகிறவள் நாளைக்கு வகுப்பில் பிள்ளைகள் வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாய். ஹில்மி இதைத் தந்த அன்றைக்கே போய் லீவு கேள். தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, ஊருக்குச் சொல்வதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். வேறு புதினம் என்றால், மழையில் வாவி ஏறி எங்கள் வட்டைக்குள் பாதி வயல் தண்ணீரில் நிற்கிறது, அம்மாவுக்குச் சீனி இறங்கியிருக்கிறது, கோபம் ஏறியிருக்கிறது. தக்ஷாயினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

இனி நான் அந்த வகுப்புக்குப் போகமாட்டேன், ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சேர் தானே மாதிரிப் பாடம் நடத்திக் காட்டினார். சிரித்தார், கைதட்டினார், பாடினார், படத்தைத் தூக்கிப் பிடித்தார். படத்தைப் பாராமல் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் அம்மா என்ன செய்கிறார் என்று என்னைக் கேட்டார். எனக்கு என் அம்மா ஞாபகம் வரவில்லை. நான்தான் அங்கே ஆறு வயதுப் பிள்ளையாயிற்றே, எனக்குத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளை யாரிடமும் சொல்கிற விடைதான் வாயில் வந்தது. “அம்மா போனுக்குள்ள இரிக்கா” என்றேன். உன் மகள் அப்படித்தான் சொல்கிறாள். கடையில் கேட்டாலும் கோயிலில் கேட்டாலும் அதையேதான் சொல்கிறாள், அழுவதும் இல்லை, சாதாரணமாகச் சொல்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. றுக்ஷானா சிரிக்கவில்லை, அதனுடைய புருஷன் குவைத்தில். சேர் பிழை என்றார். அம்மா சமைக்கிறார் என்பதுதான் விடையாம். உண்மையாகவே ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் என்ன செய்வது சேர் என்று றுக்ஷானா கேட்டது. “கேக்காத மாதிரி அடுத்த புள்ளையிட்டப் போயிரணும், நேரம் அஞ்சு நிமிஷந்தான்” என்றார். அடுத்த பிள்ளை இல்லை சேர், நான் ஒருவன்தான் என்று சொல்லிவிட்டு, மடியாத காலை நீட்டி எழும்பி வந்துவிட்டேன். எனக்கு அந்த மனுசன் மேல் வந்த வெறுப்புக்கு அளவே இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் நாங்களும் அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கேட்காத மாதிரி அடுத்த கதைக்குத்தான் போயிருக்கிறோம்.

பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளையும் தைரியத்தையும், கூடவே கொஞ்சம் சந்தேகப்படுகிற புத்தியையும் தரட்டும். ஒறிஜினல் சான்றிதழ்கள் உன்னிடம்தான் இருக்கின்றன, அவற்றை மறவாதே, சொக்கிலேற்றை மறந்தாலும் பரவாயில்லை. வருகிற நாளை ஹில்மியின் போனில் இருந்து எனக்கு மட்டும் சொல், விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். போர்டுக்கு முன்னால் நீ நன்றாகச் செய்வாயா கெடுப்பாயா என்பது உன் பாடு. தக்ஷாயினி சொல்கிறதைச் சேர் பிழை என்றார், இன்றைக்கு அது சரியான விடைதான். நீ வந்து அதைப் பிழையாக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
க. வினாயகமூர்த்தி